ஒரு விரற்கடை தள்ளி

நம் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு படம் ஒட்டியிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். விளாங்குடி ஜெராக்ஸ் கடையில் கலரில் பிரிண்ட் எடுத்துப் பெரியவள்தான் கொண்டுவந்தாள். நாலு மூலைக்கும் காந்தம் வைத்தது சின்னவன். படத்தில் உங்கள் மாமன் நிற்பான். தலையில் நீலத் தொப்பி, உடம்பில் ஈயம் வைத்த கனமான அங்கி, கண்களில் அந்தக் கண்ணாடி. வெயிலுக்குப் போடும் கண்ணாடி போல இருக்காது. ஹெல்மெட்டின் முன்பக்கத்தை மட்டும் அறுத்தெடுத்து முகத்தில் மாட்டியதுபோல் தடியாக இருக்கும். அதற்குப் பின்னால் அவன் கண் தெரியாது, பல் மட்டும் தெரியும். காலையில் பால் பாக்கெட் எடுக்க நான் போகும்போதெல்லாம் அந்தப் பல்தான் என்னைப் பார்த்துச் சிரிக்கும். அதே ஆஸ்பத்திரியில், அதே அறையில், அவன் வருவதற்கு ஆறு வருசம் முன்னாலிருந்து வேலை பார்த்தவன் நான். என் படம் அந்தக் கதவில் ஒருநாளும் ஏறியதில்லை. ஏற்றச் சொல்லி நான் கேட்டதும் இல்லை. அதெல்லாம் கேட்காமல் கிடைத்தால்தானே மதிப்பு.

உங்களுக்கு அவன் மாமா, எனக்கு மாப்ள. உங்கள் அம்மாவின் தம்பி, என்னைவிட நான்கு வயது இளையவன். அதனால் அவன் இவன் என்றுதான் எழுத வருகிறது, மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத உட்காரும்போதெல்லாம் எனக்குக் கை ஓடுவதில்லை. காரணம் பொறாமை. பத்தாம் வகுப்போடு நின்றவன் நான், இதை நாசூக்காகச் சொல்ல வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. முழங்கால் வலியால்தான் அப்பா அந்த அறை வேலையை விட்டு வெளி வேலைக்கு மாறினார் என்று நீங்கள் இன்றுவரை நம்புகிறீர்கள். என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை.

அந்த அறையைக் கேத் லேப் என்பார்கள். இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு இருந்தாலோ, இதயத்தின் வால்வு சுருங்கிவிட்டாலோ, நெஞ்சைப் பிளக்காமல் சரிசெய்யும் இடம். மணிக்கட்டிலோ தொடையிடுக்கிலோ ஓடும் ரத்தக்குழாயில் ஊசி போட்டு, அந்த ஓட்டை வழியாகவே மெல்லிய கம்பியை இதயம் வரைக்கும் ஏற்றிவிடுவார்கள். வால்வு வைப்பதென்றால் மணிக்கட்டுக் குழாய் போதாது, தொடையிடுக்கில் இருக்கும் பெரிய குழாய்தான் வேண்டும். பெரிய குழாய் என்றால் பெரிய ஓட்டை. இடம் தவறிவிட்டால் ரத்தம் வெளியே தெரியாமல் சதைக்குள்ளேயே பரவும். அதனால் எங்கே குத்துவது என்பதுதான் அங்கே முதல் கவலை. நான் அங்கே அட்டெண்டர். ஆளைத் தள்ளிக்கொண்டு வருவது, கட்டிலில் ஏற்றுவது, முடி மழிப்பது, மருந்து போட்டுத் துடைப்பது, தொப்பை சரிந்து இடத்தை மறைத்தால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது, கடைசியில் உள்ளே விட்ட பிளாஸ்டிக் குழாயை உருவியதும் அந்த இடத்தை விரல்களால் அமுக்கிப் பிடிப்பது, எல்லாம் என் வேலை. அமுக்குவது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். அதிகம் அழுத்தினால் காலுக்கு ரத்தம் போகாது, கொஞ்சம் விட்டால் முட்டைபோல் வீங்கிவிடும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் ஒரே நிலையில் நிற்க வேண்டும், மூக்கு அரித்தால்கூடக் கை எடுக்க முடியாது. பெரிய டாக்டர் ஒருமுறை வெளியூர் டாக்டர் ஒருவரிடம் என்னைக் காட்டி, "இவரு அமுக்குனா வீக்கமே வராது" என்றார். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு நான் பல வருசம் ஓட்டினேன்.

உங்கள் மாமன் டெக்னீஷியன் படிப்பு முடித்துவிட்டு அங்கேயே வந்து சேர்ந்தான். திருநகரிலிருந்து பஸ்ஸில் வந்து சிம்மக்கல்லில் இறங்குவான், நான் அங்கே பைக்கில் ஏற்றிக்கொள்வேன். வழியெல்லாம் வம்பு. "மச்சான், நீங்க ஆளத் தள்ளிக்கிட்டு வாங்க, நான் படம் பிடிச்சு வைக்கிறேன்" என்பான். "படம் பிடிக்கிறவனெல்லாம் கல்யாண மண்டபத்துல இருக்கணும்டா மாப்ள, ஆஸ்பத்திரியில என்ன சோலி" என்பேன் நான். சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். ஆனால் அவன் கண்ணாடிச் சுவர் வைத்த அறைக்குள் நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானைத் தட்டுவதையும், டாக்டர்கள் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதையும் நான் தினமும் பார்த்தேன். என்னை எல்லோரும் "ஏப்பா" என்றுதான் கூப்பிடுவார்கள். அன்பாகத்தான் கூப்பிடுவார்கள், குறை சொல்லவில்லை. இருந்தாலும் பேர் பேர்தானே.

அப்போதுதான் அந்தக் கண்ணாடி வந்தது. ஒரு கம்பெனியிலிருந்து சோதித்துப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள். அதுவரை டாக்டர் ஸ்கேன் கருவியைத் தொடையில் வைத்து, எதிர்ப்பக்கம் இருக்கும் திரையைத் தலை திருப்பிப் பார்த்துப் பார்த்து ஊசி போடுவார். கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். இந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் திரையைப் பார்க்கவே வேண்டாம். முன்கூட்டி எடுத்த ஸ்கேன் படம் அப்படியே ஆளின் தொடைமேல் வந்து உட்கார்ந்துவிடும். தோலுக்குள் ஓடும் குழாய் தோல்மேல் வரைந்ததுபோலத் தெரியும். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் உங்கள் மாமன் அதை எனக்கு மாட்டிவிட்டான். பழகுவதற்காக வைத்திருந்த ரப்பர் தொடைமேல் குனிந்து பார்த்தேன். தொட்டித் தண்ணீருக்கடியில் கிடக்கும் ஹோஸ் குழாய்கள்போல், சிவப்பாக ஒன்று, நீலமாக ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. என்னையறியாமல் விரலால் தொடப்போனேன்.

"எப்படி இருக்கு மச்சான்?"

"தலை சுத்துதுடா. கழட்டு" என்றேன். தலை சுற்றவில்லை. இன்னும் கொஞ்சநேரம் பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது. அதை அவன் கையால் வாங்கிப் பார்க்க வேண்டியிருந்ததுதான் எனக்கு ஆகவில்லை.

அதில் ஒரு விசயம் உண்டு. கண்ணாடிக்கு இடுப்பு எது தொடை எது என்று தானாகத் தெரியாது. டீக்கடையில் போனைக் காட்டிக் காசு அனுப்பக் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒட்டியிருப்பார்கள் இல்லையா, அதுபோல ஒரு ஸ்டிக்கரை ஆளின் இடுப்பெலும்புமேல் ஒட்ட வேண்டும். கண்ணாடி அந்தக் கட்டத்தைப் பார்த்து, அதிலிருந்து அளந்து, படத்தை எங்கே வைப்பது என்று முடிவு பண்ணும். ஒட்டியபின் ஸ்டிக்கர் நகர்ந்தால் படமும் கூடவே நகரும். கண்ணாடி வழியாகப் பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது, படம் அழகாகத்தான் இருக்கும். ஒட்டுவதும் சரிபார்ப்பதும் உங்கள் மாமன் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் நம் வீட்டுக்கு வந்தால் உங்களுக்குக் கண்ணாடிக் கதைதான். அவனைச் சுற்றி உட்கார்ந்துகொள்வீர்கள். ரத்தக்குழாய் உண்மையிலேயே சிவப்பா, கண்ணாடி போட்டால் எலும்பு தெரியுமா, எங்கள் மனசில் இருப்பது தெரியுமா என்று கேட்பீர்கள். அவன் சளைக்காமல் சொல்வான். ஒருநாள் நானும் பேச்சோடு பேச்சாக, குழாயை உருவியபின் இருபது நிமிடம் நான் அமுக்கிப் பிடிக்கும் கதையைச் சொல்லிப் பார்த்தேன். சின்னவன் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுதானப்பா?" என்றான். அவன் தப்பாகக் கேட்கவில்லை, எட்டு வயதுக்கு அப்படித்தான் தோன்றும். நான் எழுந்துபோய் டிவி போட்டேன். அடுப்படியிலிருந்து உங்கள் அம்மா, "தம்பி பேசுறப்பத்தான் உங்களுக்கு டிவி சத்தத்தக் கூட்டணும்னு தோணுமோ" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த நாளுக்கு வருகிறேன். வேறு ஊர் ஆஸ்பத்திரிகளிலிருந்து நாலைந்து டாக்டர்கள் கண்ணாடி வேலை செய்வதைப் பார்க்க வந்திருந்தார்கள். அன்று நல்லபடியாக முடிந்தால் ஆஸ்பத்திரி அதை வாங்கிவிடும், உங்கள் மாமனைப் பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்புவார்கள், திரும்பி வந்ததும் அதற்கு அவன்தான் பொறுப்பாளி. காலையில் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவன் பேசவே இல்லை. யானைக்கல் பாலம் தாண்டும்போது மட்டும், "மச்சான், இடுப்புல ஒரு நூலுகூட இருக்கக் கூடாது. இன்னைக்கு மட்டும் பாத்துக்கங்க" என்றான். "எனக்கே சொல்றியாடா" என்றேன்.

அன்றைக்கு வால்வு வைக்க வந்திருந்தவர் செக்கானூரணிக்கு மேற்கே ஒரு கிராமத்து விவசாயி. எழுபதைத் தாண்டியவர், உழைத்து இறுகிய உடம்பு. வேட்டியைக் கழற்றிவிட்டு ஆஸ்பத்திரி கவுன் போடும்போது பார்த்தால் இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு, அதில் ஒரு தாயத்து. கத்தரிக்கோலை நான் எடுக்கக்கூட இல்லை, பார்த்ததுமே அவர் கையால் பொத்திக்கொண்டார்.

"அதுல கை வைக்காதய்யா."

"எடுக்கணும்யா. சாமான் ஒட்டணும் அந்த இடத்துல."

"அரணாக்கயித்த எப்ப அறுப்பாகன்னு தெரியும்ல? பாடையில ஏத்துறப்ப அறுப்பாக. நான் பொழைக்கிறதுக்குல்ல வந்திருக்கேன்."

இது எனக்குப் புதிதில்லை. நம் பக்கத்து ஆண்கள் பலபேர் இதற்குச் சம்மதிக்க மாட்டார்கள். சில அட்டெண்டர்கள் மயக்கம் ஏறியதும் சத்தமில்லாமல் அறுத்துவிட்டு, வார்டில் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுவார்கள். நான் ஒருநாளும் அறுத்ததில்லை. கயிற்றை மேலே தள்ளி, விலாவை ஒட்டிப் பிளாஸ்திரி போட்டுவிடுவேன். இத்தனை வருசத்தில் அதனால் ஒரு தொந்தரவும் வந்ததில்லை, இடுப்பில் ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலையும் கண்ணாடி வருவதற்கு முன் இருந்ததில்லை. அன்றும் அப்படியே செய்தேன். "அறுக்கல, மேல ஏத்தி ஒட்டிர்றேன்" என்றதும் பெரியவர் என் கையைப் பிடித்து, "நீ நல்லாருப்ப" என்றார். மாப்ளயிடம் நான் சொல்லவில்லை. பெரியவர்மேல் இரக்கப்பட்டுச் செய்தேனா, மாப்ள சொல்லி நான் கேட்பதா என்று செய்தேனா, எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். இரண்டும் இருந்தது.

உங்கள் மாமன் வந்து ஸ்டிக்கரை ஒட்டினான். கயிறு அப்போது மேலே இருந்தது, கவுனும் மூடியிருந்தது, அவன் பார்க்க வழியில்லை. கண்ணாடியை மாட்டி, ஸ்கேன் கருவியை வைத்துப் படம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மூன்று தரம் ஒத்துப் பார்த்தான். அதன்பின் அந்த இடத்தைச் சுற்றிப் பச்சைத் துணி போர்த்தினார்கள். ஸ்டிக்கர் கண்ணாடிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அதன்மேல் மட்டும் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் விரிப்பு. நான் அந்தப் பக்கம்தான் நின்றேன், பெரியவர் கால் அசையாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு. அவர் இரண்டுமுறை இருமினார். மூன்றாவது இருமலில், வேர்வைக்குப் பிளாஸ்திரி விட்டுக்கொடுத்தது. விரிப்புக்கு அடியில் கறுப்புக் கயிறு இறங்கி வந்து தாயத்தோடு ஸ்டிக்கரின் ஓரத்தில் மாட்டி, அதைக் கீழ்நோக்கி இழுத்து நின்றது. ஒரு விரற்கடை அளவு நகர்ந்திருக்கும். பச்சைத் துணியின் மடிப்பு கயிற்றை மறைத்ததால் எதிரே இருந்த யாருக்கும் தெரியவில்லை. நான் மட்டும் பார்த்தேன்.

பெரிய டாக்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊசியைக் கையில் வாங்குமுன் ஒவ்வொருவராகக் கேட்பார். அன்றும் கேட்டார்.

"மயக்க டாக்டர்?"

"சரி."

"சிஸ்டர்?"

"சரி டாக்டர்."

"டெக்னீஷியன்?"

உங்கள் மாமன் கண்ணாடியோடு ஒருதரம் குனிந்து பார்த்தான். அவனுக்குத் தெரிந்த படம் அழகாகத்தான் இருந்தது. "சரி சார்" என்று கண்ணாடியைக் கழற்றி டாக்டருக்கு மாட்டிவிட்டான். குரலில் அம்புட்டு நிம்மதி. வந்திருந்த டாக்டர்களில் ஒருவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அட்டெண்டரைக் கேட்கிற வழக்கம் கிடையாது. என் வாய்க்குள் சொல் வந்து நின்றது. கயிறு என்று சொன்னால் போதும், ஒரே சொல். ஆனால் அந்தத் தட்டிக்கொடுத்த கையைப் பார்த்துவிட்டேன். என்னைக் கேட்டால் சொல்லலாம் என்று நினைத்தேன். என்னை யாரும் கேட்கவில்லையே, எல்லாம் தெரிந்தவர்கள்தானே நிற்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு தரம் தப்பாகட்டும், ஒரே ஒரு தரம், இவனும் கொஞ்சம் தலை குனியட்டும் என்றுகூட நினைத்தேன். பிள்ளைகளே, இவ்வளவையும் நினைக்க இரண்டு மூச்சு விடும் நேரம்தான் ஆனது. அதற்குள் டாக்டர் ஊசியை இறக்கிவிட்டார்.

சிவப்பாக வர வேண்டிய ரத்தம் வரவில்லை. ஊசியைப் பின்னுக்கு வாங்கிக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். அதுவும் குழாயின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போனது போலிருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொடையிடுக்கு மேடு தட்டியது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏப்பா, வா. அமுக்கு."

அமுக்கினேன். நான் எத்தனையோ பேருக்கு அமுக்கியிருக்கிறேன், அன்றைக்குப் போல ஒருநாளும் அமுக்கியதில்லை. விரலுக்கடியில் அந்த மனுசனின் நாடி தப்புத் தப்பென்று அடித்தது. அரை மயக்கத்தில் கிடந்த பெரியவர் கண்ணைத் திறந்து என்னைத்தான் தேடினார். "கயித்த அறுக்கலைல?" என்றார். "அறுக்கலய்யா" என்றேன். சுவரோரத்தில் உங்கள் மாமன் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வந்திருந்த டாக்டர்கள் தங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். வீக்கம் அடங்கியபின், மறுபக்கத் தொடையில், திரையைப் பார்த்துப் பழைய முறையிலேயே ஊசி போட்டு வால்வை வைத்து முடித்தார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார். தொடை முழுக்க நாவல்பழ நிறத்தில் கன்றிப்போய், கூடுதலாக ஒரு வாரம் படுக்க வேண்டியதாயிற்று. துணியை எடுக்கும்போது நான் முந்திக்கொண்டு கயிற்றை மேலே தள்ளிவிட்டேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

"ஸ்டிக்கர் ஒட்டுனது யாரு?" என்று டாக்டர் கேட்டார்.

"நான்தான் சார்."

"இடம் மாறியிருக்கு பாரு."

"ஆமா சார்." அவ்வளவுதான் சொன்னான். கண்ணாடியைப் பெட்டியில் வைத்துக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பப் போவதாகப் பேச்சு வந்தது. சென்னைப் பேச்சு நின்றுபோனது.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவன் வீட்டுக்கு வந்தான். நீங்கள் கேட்டீர்கள், அவன் மறைக்கவில்லை. "மாமா ஒட்டுறதுல தப்புப் பண்ணிட்டேன்டா. ஒரு தாத்தாவுக்கு வலிச்சிருச்சு" என்றான். நீங்கள் அவனை விட்டு விலகிவிடுவீர்கள் என்று எனக்குள் ஒரு ஆசை இருந்திருக்க வேண்டும். பெரியவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சின்னவன் தன் தட்டிலிருந்த கறித்துண்டை எடுத்து மாமன் தட்டில் வைத்தான். நான் எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஜெயித்தபோது உங்கள் சிரிப்பு அவனுக்குப் போனது, தோற்றபோது உங்கள் அழுகையும் அவனுக்கே போனது. அவன் தோல்வியைக்கூட நான்தான் செய்துகொடுத்தேன், அதிலும் எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அன்றைக்குப் பட்ட பொறாமை அதுவரை பட்டது எல்லாவற்றையும்விடப் பெரிது.

பெரியவரை வீட்டுக்கு அனுப்பிய நாளில் ஆட்டோ வரைக்கும் நான்தான் சக்கர நாற்காலியில் தள்ளிப்போனேன். அவர் மகன், மருமகள், பேரன் எல்லாரும் சுற்றி நின்றார்கள். பெரியவர் வேட்டியின் மேலாகக் கயிற்றைத் தொட்டுக் காட்டி, "அம்புட்டு டாக்டர் நின்னாக, என் சொல்ல மதிச்சது இந்தத் தம்பி ஒருத்தன்தான்" என்று அவர்களிடம் சொன்னார். மகன் என்னைக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்கு வேண்டிய மரியாதைதான், நான் வருசக்கணக்காக ஏங்கிய மரியாதைதான். வாங்கிக்கொள்ள முடியவில்லை. ஆட்டோ கிளம்பியதும் கையைக்கூடக் கழுவாமல் மாப்ளயைத் தேடிப் போனேன்.

அவன் சிம்மக்கல் ஸ்டாப்பில் திருநகர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான். அந்த வாரம் முழுக்க யாரோடும் பேசப் பிடிக்காமல், என் பைக்கில் ஏறாமல் பஸ்ஸிலேயே போனான். வெங்காய மூட்டை இறக்குகிற சத்தத்துக்கு நடுவே அவனைக் கடையோரம் இழுத்துக்கொண்டு போய், "மாப்ள, ஸ்டிக்கர நீ சரியாத்தான் ஒட்டுன. அந்தாளோட அரணாக்கயிறு இறங்கி அத இழுத்துருச்சு" என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. "கயிறா? நீங்க அறுக்கலையா?"

"அறுக்கல. மேல ஏத்தி ஒட்டுனேன்."

"சரி, விடுங்க மச்சான். தெரியாமத்தான நடந்துச்சு. எப்ப பாத்தீங்க, முடிச்சுத் துணி எடுக்குறப்பவா?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆமா என்று ஒரு சொல், எல்லாம் முடிந்திருக்கும். அவன் பஸ் வேறு வந்துகொண்டிருந்தது. "இல்ல. ஊசி போடுறதுக்கு முன்னாடியே பாத்தேன்" என்றேன்.

பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அவன் ஏறவில்லை. எம்புட்டு நகர்ந்தது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கேட்டான். விரலைக் காட்டினேன். அதைக் குறித்துக்கொள்வதுபோல் தலையை ஆட்டினான். பிறகுதான் அவனுக்கு முழுசாக உறைத்தது போலிருக்கிறது.

"என்மேல காண்டுன்னா என்னைய வைஞ்சிருக்கலாம்ல. நாலு பேரு முன்னாடி என்னைய ஒரு அறை அறைஞ்சிருந்தாக்கூட நான் வாங்கிக்கிருவேன். அந்தாளு தொடையில எதுக்குய்யா நீ கணக்குத் தீத்த?"

அதுவரை என்னை நீங்க என்று மட்டுமே கூப்பிட்டவன். மறுநாளே திரும்பவும் நீங்க என்றாகிவிட்டது, இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறான். அவன் என்னோடு ஒளிவில்லாமல் பேசியது அந்த ஒருமுறைதான் என்று எனக்குத் தோன்றும்.

மறுநாள் காலை நானே பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னேன். கூட வரட்டுமா என்று மாப்ள கேட்டான், வேண்டாம் என்றேன். டாக்டர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அது அவருடைய சாதாரணக் கண்ணாடி. "கயித்த அறுக்காதது தப்பில்லப்பா. பாத்துட்டு நின்ன பாரு, அத வச்சுக்கிட்டு உன்னை நான் எப்படி உள்ள நிக்க வைக்கிறது?" என்றார். வேலையை விட்டு அனுப்பவில்லை, வெளிநோயாளிப் பிரிவுக்கு மாற்றினார். அந்தப் பெரியவருக்கு போன் செய்து நடந்ததை அவரே சொன்னார், என்னையும் பேசச் சொன்னார். பெரியவர் முழுசாகக் கேட்டார். பிறகு, "சரிய்யா. வையி" என்றார். அவ்வளவுதான். நீ நல்லாருப்ப என்று சொன்ன அதே குரல்.

உங்கள் அம்மாவிடம் முழங்கால் என்று சொன்னது நான். உங்கள் மாமன் பக்கத்தில்தான் நின்றான், மறுத்துப் பேசவில்லை. அவனுக்கு நல்லது நடந்தது. கண்ணாடி திரும்பிப் போகவில்லை. கயிற்றுக்கு ஒரு வழியையும் அவன்தான் கண்டுபிடித்தான். இப்போது அறுப்பதுமில்லை, தள்ளி ஒட்டுவதுமில்லை. நோயாளியின் வீட்டு ஆளையே உள்ளே கூப்பிட்டு, அவர் கையால் அவிழ்க்கச் சொல்லி, அவிழ்த்த கயிற்றை அப்படியே நோயாளியின் மேல்கையில் கட்டிவிடுகிறார்கள். உடம்பைவிட்டுப் போகவில்லையே, அதனால் யாரும் தகராறு செய்வதில்லை. ஊசி போடுமுன் ஸ்கேன் கருவியை வைத்து இன்னொரு தரம் ஒத்துப்பார்க்கிற வழக்கத்தையும் அவன்தான் கொண்டுவந்தான். அதற்காகச் சென்னையில் மேடையில் ஏற்றிப் பேசச் சொன்னார்களாம். இப்போது அந்தக் கம்பெனியிலேயே ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறான். கயிறு எனக்கும் தெரியும், இருபது வருசமாகத் தெரியும், கையில் கட்டலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இப்போதும் சில காலைகளில் பைக் ஓட்டும்போது வயிறு எரியும். அவன் நல்லவன் என்று தெரிந்தும் எரியும். அது அணைந்துவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்லப் போவதில்லை.

போன வாரம் ஒரு அம்மாவைக் கேத் லேப் வாசல்வரை தள்ளிப்போக வேண்டியிருந்தது. என் இடத்தில் இப்போது இருப்பவர் ஆண்கள் வார்டிலிருந்து மாறி வந்தவர், என் வயதுதான் இருக்கும். அவர் அந்த அம்மாவை உள்ளே வாங்கிக்கொண்டார். நான் வெளியே பெஞ்சில் வேறொரு நோயாளிக்காகக் காத்திருந்தேன். கொஞ்சநேரம் கழித்து சிஸ்டர் ஏதோ எடுக்க வந்து கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. பெரிய டாக்டர் ஒவ்வொருவராகக் கேட்கும் சத்தம் வந்தது, எழுந்து கதவிடுக்கில் பார்த்தேன். டெக்னீஷியன் சரி என்றபின் அவர் நிறுத்தவில்லை.

"அட்டெண்டர்?"

"ஒரு நிமிசம் சார்" என்றார் அவர். உள்ளே அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் குனிந்து, விரிப்பின் ஓரத்தை விலக்கி, எதையோ பார்த்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. பெரிய டாக்டர் ஊசியைக்கூடக் கையில் வாங்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பச் சரி சார்" என்றார்.

கதவு மூடியது. என்னைக் கூப்பிடுகிறவரைக்கும் நான் காலியான சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அந்த அட்டெண்டரைப் பார்த்துப் பட்டதுபோல் நான் யாரைப் பார்த்தும் பொறாமைப்பட்டதில்லை, உங்கள் மாமனைப் பார்த்துக்கூட.